மூத்தவள் பெயர் ஒட்டிய குழாய்

படகு வரும்போது பெண்கள் யாரும் கரையில் நிற்பதில்லை. பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, தலையில் தட்டோடு, இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்கள். படகை முதலில் தொட்டவளுக்குத்தான் நல்ல ஒமேனா கிடைக்கும். விரல் நீளம்கூட இல்லாத அந்த வெள்ளி மீனைக் காயவைத்து விற்றுத்தான் அந்த ஏரிக்கரையில் பாதி வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அன்றைக்கும் அகெலோ அப்படித்தான் இறங்கினாள். இடுப்பு முடிச்சுக்குள் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் இருப்பது அவளுக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் இறங்கினாள். பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த நினைவுதான்.

ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு பஞ்சுக்குச்சி இருந்தது. ஒன்று அவளுடையது. மற்றது அவள் கணவன் ஒடேரோவின் மூத்த மனைவி ரிஸ்பாவுடையது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை வரவைக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சுகாதாரத் தொண்டர் மிலேகா வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போன குச்சிகள். பெண்கள் மறைவாகப் போய்த் தாங்களே உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடி, பெயர் ஒட்டி, மிலேகாவிடம் சேர்த்துவிட வேண்டும். அவள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள்.

ரிஸ்பா சம்மதித்ததே பெரும்பாடு.

"அத்தனை பிள்ளை வெளியே வந்த வழி அது. இப்போ குச்சியை விட்டு என்னடி தேடப் போறீங்க? உள்ளே இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கான்னா?" என்று கேட்டு, மாமர நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டாள்.

"சிரிக்காதே ரிஸ்பா" என்றாள் மிலேகா. "இது ஆம்பளைங்ககிட்ட இருந்து வந்து ஒட்டிக்கிற கிருமி. உள்ளே உக்காந்தா சத்தமே போடாது. வலி வர்றப்போ ரொம்பத் தூரம் போயிருக்கும்."

"ஆம்பளைகிட்ட இருந்து வருதுன்னா அந்த ஆம்பளைக்கு விடு குச்சியை. நான் வேணா ஒடேரோவைப் புடிச்சுக்கறேன்."

அப்புறம் அகெலோதான் முறையைப் பற்றிய பேச்சை எடுத்தாள். ஒடேரோ வீட்டில் எதற்கும் ஒரு முறை உண்டு. மூத்தவள் நிலத்தில் முதல் விதை விழாமல் இளையவள் நிலத்தில் விதை விழாது. மூத்தவள் புதுத் தானியத்தை வாயில் வைக்காமல் இளையவள் அடுப்பில் ஏற்ற முடியாது. முறை தப்பினால் தப்பியவள் உடம்பு உருகிப்போகும் என்று பயம். தேவாலயத்துக்குப் போகிறவர்களும் அந்தப் பயத்தை விட்டுவிடவில்லை.

"நீங்க எடுக்கலேன்னா நானும் எடுக்கறதுக்கில்லேக்கா. மூத்தவ செய்யாததை இளையவ செய்யலாமா?" என்றாள் அகெலோ. பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

ரிஸ்பா அவளை முறைத்தாள். "அப்போ நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா பழி என் தலையிலயா? நல்லா வந்து வாய்ச்சியே எனக்குச் சக்களத்தி. குடு இங்கே." கையை நீட்டிக் குச்சியைப் பிடுங்கினாள். "உனக்காகத்தான் செய்யறேன். உசிர் இருக்கிறவரைக்கும் இந்த ஒரே தடவைதான். இன்னொரு தடவை இதைத் தூக்கிட்டு வந்தே, இதாலேயே அடிப்பேன்."

மறுநாள் விடிந்ததும் ரிஸ்பா தன் குழாயைத் துணியில் சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அகெலோ கையில் கொடுத்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த நாளில்கூட அவள் அப்படிக் கூச்சப்பட்டு அகெலோ பார்த்ததில்லை.

அந்தக் குழாய்தான் தண்ணீரில் விழுந்தது.

படகை ஒட்டி நெரிசல். யாரோ முழங்கையால் இடித்தார்கள். முடிச்சு தளர்ந்தது. அகெலோ தட்டை விட்டுவிட்டுக் குனிந்து துழாவினாள். "என்னடி, தங்கத்தையா போட்டுட்டே?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். கிடைத்தது. மூடி எங்கோ போய்விட்டது. குழாய் நிறைய ஏரித்தண்ணீர். அதில் ஒரு குட்டி மீன்கூட நுழைந்திருந்தது. ரிஸ்பாவின் பெயர் ஒட்டு மட்டும் நனைந்தும் உரியாமல் இருந்தது. அகெலோவின் குழாய் முடிச்சிலேயே பத்திரமாக இருந்தது.

கரையேறி, ஈரப் பாவாடையோடு மிலேகா வீட்டுக்கு ஓடினாள். வாசலில் மோட்டார் பைக் உறுமிக்கொண்டு நின்றது. மிலேகா தலைத்துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கேடி இவ்வளவு நேரம்? இன்னிக்கு விட்டா அப்புறம் எப்போ வண்டி கிடைக்குமோ. எங்கே குழாய்?"

மலைமேல் இருக்கும் வீட்டுக்கு ஏறிப் போய், ரிஸ்பாவைக் கூப்பிட்டு, 'அக்கா, உங்களது ஏரியில் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை' என்று சொல்வதை அகெலோ நினைத்துப் பார்த்தாள். ரிஸ்பாவின் முகம் வந்தது. திருப்பிக்கொண்ட முகம். அவள் கூச்சத்தைத் தான் மீன் தட்டோடு தண்ணீருக்குள் எடுத்துப் போனதை எப்படிச் சொல்வது? மூத்தவள் பொருளை இளையவள் நாசம் செய்தாள் என்றால் ஊர் அதைக் கைதவறியதாக எடுத்துக்கொள்ளுமா?

"என்னுதுல தண்ணி பூந்துடுச்சு" என்றாள்.

"உன்னுதுதானே? அதுக்கென்ன, பின்னாலே குளிக்கிற மறைப்பு இருக்கு. போ, சட்டுனு எடுத்துட்டு வா." மிலேகா பையிலிருந்து புதுக் குழாய் ஒன்றை நீட்டிவிட்டு, பைக் ஓட்டுபவனிடம் பேசப் போனாள்.

மறைப்புக்குள் நின்றபோது அகெலோவுக்கு அந்த யோசனை தோன்றியது. அப்போது அது தப்பாகவே படவில்லை. இந்தக் கிருமி ஆம்பளையிடமிருந்து வருகிறது என்று மிலேகாவே சொன்னாளே. தங்கள் இருவருக்கும் ஒரே ஆம்பளைதான். ஒரு குடத்துத் தண்ணீரை இரண்டு செம்பில் மோந்தால் ஒரு செம்பைப் பார்த்தால் போதாதா? தனக்கு இருந்தால் அக்காவுக்கும் இருக்கும். தனக்கு இல்லையென்றால் அக்காவுக்கும் இல்லை. அவள் மறுபடியும் தன் உடம்பிலிருந்தே எடுத்தாள். ரிஸ்பாவின் ஒட்டை உரித்து, பாவாடையில் துடைத்து, புதுக் குழாயில் அழுத்தி ஒட்டினாள். கெட்டுப்போனதை வேலிக்குப் பின்னால் எறிந்தாள்.

இரண்டு குழாய்களையும் வாங்கிக்கொண்டு மிலேகா பைக்கில் கிளம்பிப் போனபோது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

*

மிலேகா சேதியோடு வந்த அன்று ரிஸ்பா முற்றத்தில் காயப்போட்ட மீனைத் துடைப்பத்தால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் கிருமி இல்ல. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

ரிஸ்பா கையிலிருந்த துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓர் ஆட்டம் ஆடினாள். "கேட்டீங்களாடி! என் வீடு சுத்தம்! பிள்ளைங்க அப்பனைப் பத்தி என்னென்னமோ பேசினீங்களே, படகுக்குப் போற ஆளு, கரைக்குக் கரை பொம்பளைன்னு? வாங்க இப்போ!" அன்றைக்கு அவள் கோழி அடித்தாள். ஒரு கால் துண்டை எடுத்து அகெலோவின் தட்டிலிருந்த உகாலிக் களி மேல் வைத்தாள். "நீ பிடிவாதம் பிடிக்கலேன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன். தின்னு."

அகெலோ தின்றாள்.   இல்லை என்று வந்துவிட்டதே, அப்புறமென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் கொஞ்ச காலம் ஓடியது. மறு வருஷம் மிலேகா பக்கத்து வீடுகளுக்குக் குச்சி கொண்டுவந்தபோது அகெலோ மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அக்காவுக்கு இன்னொரு தடவை பாத்தா என்ன?"

"சுத்தம்னு வந்தவங்களுக்கு எதுக்கு? பாக்காதவங்களுக்கே குச்சி பத்தல" என்றாள் மிலேகா.

ரிஸ்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இவளுக்கு என் மேலே என்னடி சந்தேகம்? நான் யார்கிட்ட போயிட்டு வந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அகெலோவும் சிரித்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

*

அதற்கு அடுத்த ஆண்டு விதைப்புக் காலத்து நீண்ட மழை சரியான நேரத்துக்கு வந்தது. ஏரிப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, ஒரே வாரத்தில் மண்ணைப் பிசைந்த மாவாக்கிவிட்டது. ஊரில் எல்லோரும் மக்காச்சோளம் ஊன்றிவிட்டார்கள். ஒடேரோவின் நிலம் மட்டும் உழுதபடியே கிடந்தது.

விதைப்புக்கு முந்தின இரவு கணவன் மூத்தவளின் வீட்டில், மூத்தவளோடு இருக்க வேண்டும். மறுநாள் காலையில் அவள் கையால் முதல் விதை விழ வேண்டும். இளையவளின் முறை அதற்குப் பிறகுதான். ஒடேரோ மாலையில் ரிஸ்பாவின் வாசலுக்குப் போவதும், இடுப்புவலி, தலைவலி, நாளை பார்க்கலாம் என்று அவள் திருப்பி அனுப்புவதுமாக நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

கரையில் பேச்சு எழும்பியது. "ஒடேரோ வீட்டு விதை மூட்டைக்குள்ளேயே முளைச்சு, கூரையைப் பிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சாமே!" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி குரலைத் தாழ்த்தினாள். "மூத்தவளுக்கு இளையவ ஏதோ வெச்சிட்டா. இல்லேன்னா புருஷனைப் பாத்தா அந்தம்மா ஏன் ஒதுங்குது?" அகெலோ காதில் விழட்டும் என்றுதான் அதைச் சொன்னாள்.

ஒடேரோ ஒரு நாள் வலையைத் தைத்துக்கொண்டே கேட்டான். "அவளுக்கு என் மேலே என்ன கோபம்? நீ ஏதாவது சொல்லி வெச்சியா?"

"நான் என்னத்தைச் சொன்னேன்?"

"பின்னே மழை போயிட்டிருக்கு, வாசல்லேயே நிக்க வெச்சு அனுப்பறா. இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

 அகெலோவின் நினைவு அதற்கு முந்தின நாள் பார்த்த ஒன்றின் மேலேயே நின்றது. ரிஸ்பாவின் சமையல் கொட்டகைக்குப் பின்னால், பெரிய போர்வைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த கிழிசல் துணிகள். துவைத்தும் போகாத தேயிலைத் தண்ணீர்க் கறை. பக்கத்தில் போனபோது ஒரு வாடை வந்தது. மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். அது மீன் இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் காலையில் ரிஸ்பா வயல் ஓரத்தில் உட்கார்ந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அகெலோ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரிஸ்பாவின் கன்னத்து எலும்பு வெளியே தெரிந்தது. எப்போது தெரிய ஆரம்பித்தது?

"அக்கா, அந்தத் துணியெல்லாம் என்ன?"

ரிஸ்பா கை நின்றது. பிறகு மறுபடியும் பொறுக்கியது. "பாத்துட்டியா? எனக்கு இளமை திரும்பிடுச்சுடி. நின்னுபோய் எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்போ மறுபடி வருது. ஜாக்கிரதையா இரு, இன்னொரு பிள்ளை பெத்துடப் போறேன்."

"எப்போல இருந்து?"

"போன அறுவடைக்கு அவரு வந்தாரே, அதுக்கப்புறம். அன்னிக்கு ரத்தமா போச்சு. வலிச்சுது. அதான் இப்போ அவரு வாசலுக்கு வந்தா ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிடறேன். இதை எப்படி அந்த மனுஷன்கிட்ட சொல்றது?"

"ஆஸ்பத்திரிக்குப் போகலாங்கா. இன்னிக்கே."

"எதுக்கு? அந்த நோயெல்லாம் எனக்கு இல்லேன்னு அவங்களே சொல்லிட்டாங்களே. இது ஏதோ சூடு. மருந்து வேர் வாங்கி வெச்சிருக்கேன், ரெண்டு நாள் குடிச்சா நின்னுடும். சுத்தமா இருக்கிற பொம்பளை எதுக்குடி போய்க் காலை விரிச்சுக்கிட்டுக் கெடக்கணும்?"

எந்தச் சொல்லைக் கேட்டு அன்றைக்குக் கோழி அடித்தாளோ, அந்தச் சொல்லையே கதவாகச் சாத்திக்கொண்டு ரிஸ்பா உள்ளே உட்கார்ந்திருந்தாள். அதைச் சாத்தியவள் அகெலோ. வெளியே நின்று எவ்வளவு தட்டினாலும் அது திறக்காது. திறக்க ஒரே வழிதான் இருந்தது.

"அது உங்களது இல்லேக்கா."

"எது?"

"அந்தக் குச்சி. உங்க குழாய் ஏரியில விழுந்துடுச்சு. மிலேகா கிளம்பிட்டிருந்தா. நான்... என்னுதையே ரெண்டு தடவை எடுத்து, ஒண்ணுல உங்க பேரை ஒட்டிக் குடுத்துட்டேன்." நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்று அவசர அவசரமாகச் சொன்னாள். "ஒரே புருஷன்தானே, உங்களுக்கு இருந்தா எனக்கும் இருக்கும்னு நெனச்சேன். சுத்தம்னு வந்தது நான். நீங்க இல்ல. உங்களை யாரும் பாக்கவே இல்ல."

ரிஸ்பா மடியிலிருந்த விதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயல் வரப்பில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து, எதையோ கொத்திவிட்டுப் போனது.

"மீனுக்கா போச்சு என் மானம்?" என்றாள் கடைசியில். சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்தது. "நான் அதை எடுக்கறதுக்கு எவ்வளவு... உனக்காகத்தானேடி எடுத்தேன்."

"அக்கா..."

"ஒரே புருஷன், ஒரே கிருமி. நானா இருந்தாலும் அதைத்தான் நெனச்சிருப்பேன்." எழுந்து, மடியை உதறினாள். பொறுக்கிய விதையும் பொறுக்காததும் ஒன்றாய்க் கொட்டின. "ஆனா நான் அன்னிக்கே வந்து சொல்லியிருப்பேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அகெலோ அங்கேயே மண்டியிட்டுச் சிந்திய விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஈர மண்ணில் சில புதைந்துபோயின. எவை அழுகியவை, எவை நல்லவை என்று அவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது.

அன்று முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. அகெலோ கொண்டுபோய் வைத்த கஞ்சியில் ஈ மொய்த்தது. சாயங்காலம் ரிஸ்பாவே கதவைத் திறந்து, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "ஏ மனுஷா! வா உள்ளே. இன்னிக்கு இங்கேதான்."

ஒடேரோ போனான். உள்ளே என்ன பேசினார்கள், என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதெல்லாம் அந்தக் கதவுக்கு மட்டும்தான் தெரியும். விடிந்து வெளியே வந்தபோது அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன. அகெலோவைப் பார்த்தான். அவள் அடிக்காகக் காத்திருந்தாள். கையை ஓங்குவான், கூச்சலிடுவான், பிறந்த வீட்டுக்குப் போ என்பான்.

"நீயும் அவ கூடப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் நடந்தான்.

ரிஸ்பா தேவாலயத்துக்கு உடுத்தும் நீலப் பாவாடையில் வெளியே வந்தாள். கையில் குடை. நேராக வயலுக்குப் போய், குனிந்து, முதல் குழியில் விதையைப் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று இன்னும் ஒரு குழி போட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முறை முடிஞ்சுது. மத்ததைப் பிள்ளைங்க ஊனட்டும். வாடி."

பைக்கில் ரிஸ்பா நடுவில், அகெலோ பின்னால். சேற்றில் வண்டி குதிக்கும்போதெல்லாம் ரிஸ்பா பல்லைக் கடித்தாள். அகெலோ அவளைத் தாங்கிப் பிடித்தாள். ரிஸ்பா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"குழாய் விஷயத்தை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" அகெலோ காற்றில் கத்திக் கேட்டாள்.

"சொல்லல. சொன்னா உன்னை அடிச்சு விரட்டுவாரு. அப்புறம் என் கூட எவ வருவா?"

*

டாக்டர் சின்ன வயசுப் பெண். பார்த்து முடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தேடினாள். அகெலோவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"ஒரு துண்டு எடுத்திருக்கேன், சோதனைக்கு அனுப்பறேன். ஆனா அம்மா, கண்ணால பாத்தாலே தெரியுது. கட்டி வளர்ந்திருக்கு. நைரோபிக்குப் போகணும். கதிர்வீச்சு வெச்சு வைத்தியம் பண்ணுவாங்க, மருந்தும் ஏத்துவாங்க." கணினியைத் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. முன்னே பண்ணின பரிசோதனையில உங்களுக்குக் கிருமி இல்லேன்னு வந்திருக்கு. யாரு கொண்டுவந்தாங்க? உங்க ஊர்த் தொண்டரா? ஒழுங்கா சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க. நான் விசாரிக்கணும்."

 ரிஸ்பா தலையை மெல்லத் திருப்பி அகெலோவைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"மிலேகா மேலே தப்பில்ல" என்றாள் அகெலோ. தன் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி கேட்டது. "அது என்னோட குச்சி. இவங்க பேரை ஒட்டினேன். நாங்க ஒரே ஆளோட பொண்டாட்டிங்க. ஒண்ணைப் பாத்தா போதும்னு நெனச்சேன்."

 டாக்டர் முகத்தில் கோபம் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. "அப்படி இல்லம்மா. ஒரே ஆள்கிட்ட இருந்து வந்தாலும், ஒரு உடம்பு அதைத் தொரத்திடும். இன்னொரு உடம்புல அது வருஷக்கணக்கா உக்காந்துக்கும். ஏன்னு எங்களாலேயே முழுசா சொல்ல முடியல. ஒருத்தரை வெச்சு இன்னொருத்தரைச் சொல்ல முடியாது."

"அப்பவே தெரிஞ்சிருந்தா?" ரிஸ்பா கேட்டாள்.

"அதை இப்போ எதுக்கும்மா..."

"சொல்லுங்க. நான் கேக்கறேன்."

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா அப்போ இது நோயா மாறாமக்கூட இருந்திருக்கலாம். அந்த இடத்தை மட்டும் இங்கேயே சுட்டு எடுத்திருப்போம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பீங்க."

அன்னிக்கே வீட்டுக்கு. அகெலோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒட்டியிருந்தது.

"இவளையும் பாக்கணுமா?" என்று ரிஸ்பா எழுந்துகொண்டே கேட்டாள்.

"பாக்கலாம். வேணும்னா..."

"வேண்டியதில்ல. இவளைத்தான் ரெண்டு தடவை பாத்துட்டீங்களே."

*

நைரோபியில் வேலை செய்யும் பெரிய மகன் வந்து ரிஸ்பாவை அழைத்துப் போனான். ரிஸ்பாவுக்குக் 'கர்ப்பப்பையில் கட்டி' என்று மட்டும் ஊருக்குத் தெரியும். இளையவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம், நல்ல மனசு என்று கரையில் பேசிக்கொண்டார்கள். முன்பு பழி சொன்னவளே வந்து, "சக்களத்தின்னா உன்னை மாதிரி இருக்கணும்டி" என்றாள். அகெலோ மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிட்டாள். அந்தப் பழியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மிலேகாவிடம் அவளே போய்ச் சொன்னாள். மிலேகா கத்தினாள், அழுதாள், தன் வேலைக்கே உலை வைத்தாயே என்றாள். அப்புறம் சொன்னாள்: "இனிமே நான் எந்த மரத்தடிக்குப் போனாலும் நீயும் வரணும். ஒருத்தி குச்சி இன்னொருத்திக்கு ஆகாதுன்னு உன் வாயால சொல்லணும்." அகெலோ போனாள். பெயர் சொல்லாமல் சொன்னாள். "ஒரு ஊர்ல ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீட்ல" என்று ஆரம்பித்ததும் பெண்கள் சிரிப்பார்கள். முடிக்கும்போது சிரிக்க மாட்டார்கள்.

சோளம் முழங்கால் உயரம் வந்தபோது போன் வந்தது. ரிஸ்பாவின் குரல் மெலிந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"எப்படி இருக்கீங்கக்கா?"

"உள்ளே அடுப்பு வெச்ச மாதிரி இருக்கு. சாப்பாடு ஒண்ணும் பிடிக்கல. இங்கே ஒமேனா கிடைக்கல, கிடைச்சாலும் மண்ணு. கட்டி சுருங்குதுன்னு சொல்றாங்க. சொல்றதை எல்லாம் நம்பறதா இல்லையான்னுதான் தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "களை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"யாரு வயல்ல முதல்ல?"

"உங்க வயல்லதாங்கா."

"முழுசாவா?"

"முழுசா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

 அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஏதோ வண்டி உருளும் சத்தம் கேட்டது.

"படம் எடுத்து அனுப்பு" என்றாள் ரிஸ்பா. "மிலேகாவை எடுக்கச் சொல்லு. நீ எடுக்காதே."

"சரிக்கா."

"ஒரு மூலை விடாம எடுக்கச் சொல்லு." போன் நின்றுவிட்டது.

அகெலோ மலையிறங்கிப் போய் மிலேகாவை அழைத்து வந்தாள். மிலேகா வரப்பில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். மூத்தவள் வயலில் சோளம் வரிசை வரிசையாக, ஒரு புல் இல்லாமல் நின்றது.

"கொஞ்சம் நகரு, உன் நிழல் விழுது" என்றாள் மிலேகா.

அகெலோ நகர்ந்தாள். நகர்ந்து நின்ற இடம் அவளுடைய வயல். அங்கே களை சோளத்தை மூடி நின்றது. அதற்குள் நின்றபடி, மிலேகா நாலு மூலையையும் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.